முப்பத்திரண்டு வாரத்துக்குள்

2022 மே 8, ஞாயிறு. மட்டுவில், இலங்கை.

கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. போனில் பதினொரு சதவீதம்தான் மிச்சம், அதை அம்மாவுக்காக வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்த நோட்டு. என் கணவன் நிரோ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கணக்கு நோட்டு, கட்டம் போட்டது. கட்டத்துக்குள் அடங்குகிற ஆள் நானில்லை, பார்க்கலாம்.

நாளையோடு இருபத்து நான்கு வாரம்.

காலையில் அம்மாவும் நிரோவும் போனில் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா அறந்தாங்கியில் உட்கார்ந்துகொண்டு, "கேஸ் இல்ல, கரண்டு இல்ல, பால் பவுடர் இல்ல. என்ன நாடுங்க மாப்ள அது?" என்கிறாள். இவனா விடுவான்? "மாமி, இஞ்சை கிளினிக்கில ஒரு சதமும் வாங்கமாட்டினம். மிட்வைஃப் வீடு தேடி வருவா. உங்கட பக்கம் வருவினமே?" என்று கேட்கிறான். "எங்க பக்கமும் நர்ஸு இருக்கு, தெருவுக்கு ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு" என்று அம்மா. நான் நடுவில் நின்று பாயிண்ட் போட வேண்டும்.

சிரிப்பு என்னவென்றால், இந்தச் சண்டையைத் தீர்க்கவே படித்தவள் நான்தான். எம்.ஏ. பொருளாதாரத்தில் என் ஆய்வேடு இந்தியா, இலங்கை வாழ்க்கைத்தர ஒப்பீடு. இருபத்திரண்டு வரி அட்டவணை. அப்போது இலங்கையை வரைபடத்தில் மட்டும் பார்த்திருந்தேன். படிப்பு, ஆயுள், பிரசவம் என்று முக்கால்வாசி வரிகளில் இலங்கைதான் ஜெயித்தது. பேராசிரியருக்கே கொஞ்சம் வருத்தம், "இன்னொரு தடவை சரிபார்த்துடும்மா" என்றார்.

இப்போது அட்டவணைக்குள்ளேயே குடிவந்து, ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் காலியாகி ஒரு மாதம். மாமி, அதாவது நிரோவின் அம்மா, "உங்கட ஊரில விறகு பாத்ததில்லையே பிள்ளை?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், ஊத வேண்டி வந்ததில்லை.

மே 12, வியாழன்.

றெஜினா மிஸ்ஸி வந்தார். இந்தப் பகுதிக்கு அவர்தான் மிட்வைஃப்; இங்கே நர்ஸையும் மிட்வைஃபையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இல்லாமல் சைக்கிளில் ஏழு கிலோமீட்டர் மிதித்து வந்திருந்தார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் கிளினிக் அட்டையைக் கேட்டார்.

போன தடவை விட்டுப்போன கேள்விகளைக் கேட்டு நிரப்பினார். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை, உண்டா, பிரஷர் உண்டா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்.

"ஒரு அக்கா. இப்ப இல்ல" என்றேன்.

"ஐயோ. என்ன நடந்தது?"

"காய்ச்சல்."

"டெங்கே?"

"ஆமா" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கடல் தாண்டி வந்ததில் ஒரு வசதி, நம் வீட்டுக் கதையை நாம் சொல்வதுதான்.

போகும்போது மாமியிடம், "இந்தப் பிள்ளைக்குத் தாய் கிட்ட இல்லை. நீங்கள்தான் வடிவாப் பாக்கோணும்" என்றார். இந்த ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பெண் தன் தாயோடுதான் இருப்பாள். நான் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் வந்தவள். தெருவே என்னைப் பாவமாகப் பார்க்கிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மே 20, வெள்ளி.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவு இந்த மாதம் வரவில்லை. வயிற்றில் உதை மட்டும் தட்டுப்பாடில்லாமல் வருகிறது.

மே 29, ஞாயிறு.

முடிவாகிவிட்டது. தலைப்பிரசவத்துக்கு அறந்தாங்கி போகிறேன். ஜூலை 1, கொழும்பிலிருந்து திருச்சி விமானம். அம்மாவே ஏஜெண்டைப் பிடித்து டிக்கெட் போட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வாரம் முடிந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். ஜூலை 4 அன்று எனக்கு முப்பத்திரண்டு முடிகிறது. உடம்பு பயணத்துக்கு ஏற்றதாக இருக்கிறதென்று டாக்டர் கடிதம் வேண்டும்.

அம்மா இங்கே வரட்டும் என்றான் நிரோ. அம்மாவுக்கு பாஸ்போர்ட் கிடையாது. திருச்சியையே வெளிநாடாக நினைக்கிறவள்.

ஜூலை 3 ஞாயிறு வளைகாப்பு. ஏழு முடிந்து எட்டு நடக்கும். ஜோசியர் பரவாயில்லை என்றுவிட்டாராம். வளையலே வாங்கியாகிவிட்டது, பச்சை ஆறு டஜன், சிவப்பு ஆறு டஜன். ஆறு வருடமாக அந்த வீட்டில் ஒரு விசேஷம் நடக்கவில்லை. என் கல்யாணத்தைக்கூட அம்மா திருச்சி மண்டபத்தில்தான் வைத்தாள், வீட்டு வாசலில் பந்தல் போட விடவில்லை. இப்போது தானாகவே பந்தல்காரனைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எப்படி வரமாட்டேன் என்பேன்?

நிரோவோடு மதியம் சண்டை.

"பிள்ளை அங்க பிறந்தா எந்த நாட்டுப் பிள்ளை?" என்றான்.

"இப்பல்லாம் அதுக்குச் சட்டம் இருக்கு நிரோ. நான் இந்தியாக்காரி."

"நானும் அங்கதான் பிறந்தனான். புதுக்கோட்டை அகதி முகாமில. இருபத்திரண்டு வயது வரைக்கும் எனக்கு ஒரு நாடும் இல்லை. மாசம் தவறாமல் வரிசையில நிண்டு கையெழுத்து வைச்சனான். உமக்கு அது அட்டவணையில வராது."

"இங்க நானும்தான் வருஷா வருஷம் விசாவுக்கு நிக்கிறேன்."

"நிக்கச் சொல்லி நான் கேட்டனானே?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாங்கள் காதலித்த காலத்தில் கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில் நின்று இந்த நாடா அந்த நாடா என்று விளையாட்டாகத்தான் சண்டை போட்டோம். இன்று அது விளையாட்டாக இல்லை. அழுகை வந்தது. அழுதேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, "போயிட்டு வாரும். நானும் கொழும்பு மட்டும் வந்து ஏத்தி விடுறன்" என்றான். வரும்போது எங்கிருந்தோ ஒரு கிலோ பச்சரிசி வாங்கி வந்திருந்தான்.

ஜூன் 10, வெள்ளி.

மோதிரம் கழலவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டு அரைமணி நேரம் மல்லுக்கு நின்று கழற்றிச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டேன். செருப்பும் பிடிக்கிறது. இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் வீங்காது.

மாமி முருங்கைக்கீரை வறுத்தார். நிரோவுக்குப் பள்ளிக்கூடம் பதினொரு கிலோமீட்டர், போக வர சைக்கிள். ஆள் பாதியாகிவிட்டான்.

ஜூன் 17, வெள்ளி.

கிளினிக். பிரஷர் கொஞ்சம் கூட என்றார் மிஸ்ஸி. "உப்பைக் குறையுங்கோ, இடக்கைப் பக்கமாப் படுங்கோ. தலையிடி இருக்கே? கண் மங்குதே?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்றைக்கு இல்லை, அது உண்மை.

சிறுநீர் பார்க்கும் ஸ்ட்ரிப் முடிந்துவிட்டதாம். மேலிடத்திலிருந்தே வரவில்லை. டவுனில் தனியார் லாபில் பார்த்து ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். கடிதத்துக்கு அடுத்த புதன்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 22, புதன்.

கடிதம் கிடைத்துவிட்டது!

கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும் செய்தேன். கிளினிக்குக்கு முன்னதாகவே போய், மரத்தடி பெஞ்சில் ஒரு மணி நேரம் இடதுபக்கமாகப் படுத்துக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸிக்கு இன்று வேறு ஊரில் வேலை. வழக்கமான டாக்டருக்குப் பதிலாக வந்திருந்தவர் இளம்பெண். பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். லாப் ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்றார். நார்மல் என்றேன். தாள்? வீட்டில். கையெழுத்துப் போட்டார்.

லாபுக்குப் போக வேண்டுமென்றால் டவுனுக்கு இரண்டு பஸ். வருமோ வராதோ. போயிருந்தாலும் நார்மல் என்றுதான் வந்திருக்கும்.

திரும்பும்போது கண் முன்னால் வெள்ளையாகப் புள்ளிகள் பறந்தன. வெயிலில் நடந்தது. தலைவலியும் அதனால்தான். நெற்றியில் தைலம் போட்டுக்கொண்டு படுத்தேன். மாமி கேட்டதற்கு, தூக்கம் போதவில்லை என்றேன்.

ஜூன் 26, ஞாயிறு.

நாளை மறுநாளிலிருந்து அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெட்ரோல் என்கிறார்கள். பள்ளிக்கூடங்களும் இல்லை. வியாழக்கிழமை ரயிலில் கொழும்பு போக நிரோ இடம் தேடிக்கொண்டிருக்கிறான்.

அம்மா போனில் சந்தோஷமாக இருக்கிறாள். அவள் குரல் இப்படி இருந்து எத்தனை நாளாயிற்று. சீர்வரிசைத் தட்டு இருபத்தொன்று, சித்ரான்னம் ஐந்து வகை, கூப்பிட்டவர்கள் நூற்றிருபது பேர். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா திலகாவ நெனச்சுப் பயப்படாத ஆத்தா. நீ எங் கண்ணு முன்னாடி இருப்ப. இந்தத் தடவ ஒண்ணும் ஆகாது" என்றாள்.

தலை விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது.

மிஸ்ஸியும் போன் செய்தார். லாப் ரிப்போர்ட்டை அட்டையில் ஒட்ட வேண்டுமாம். நல்ல ரிப்போர்ட்தான் மிஸ்ஸி, பெட்டிக்குள் போய்விட்டது, எடுத்து வைக்கிறேன் என்றேன். "எத்தினையாம் தேதி செய்தனீங்கள்?" என்று கேட்டார். இருபதாம் தேதி என்றேன். தேதியைத் திரும்ப ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்தார்.

ஜூன் 28, செவ்வாய்.

பெட்டி கட்டியாயிற்று. ரயிலில் இரண்டு சீட்டுக்கு நிரோ நாளை யாழ்ப்பாணம் போய் நிற்கிறான். மேல் வயிற்றில் ஒரு வலி. மாமி வைத்த கத்தரிக்காய்க் குழம்பு எண்ணெய் அதிகம்.

இன்னும் மூன்று நாள். மூன்றே நாள்.

ஜூலை 1, வெள்ளி. ஆஸ்பத்திரி.

இன்று நான் விமானத்தில் இருக்க வேண்டியவள். கையில் ஊசி குத்தியிருக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது. நிரோ இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். படித்துவிட்டுத்தான் கொடுத்தானா என்று கேட்கவில்லை. அவன் கண் சிவந்திருக்கிறது.

புதன்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு வாசலில் சைக்கிள் மணி. நிரோ ஏற்கெனவே யாழ்ப்பாணம் போய்விட்டான். றெஜினா மிஸ்ஸி வியர்வை வழிய வந்து நின்றார். கூடையில் பிரஷர் கருவி.

"பயணத்துக்கு முன்னம் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான். ரிப்போர்ட்டைத் தாங்கோ பிள்ளை."

"பெட்டியில இருக்கு மிஸ்ஸி, கட்டி வச்சிட்டேன்."

"இருபதாம் தேதி அந்த லாப் பூட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. எனக்குத் தெரியும்" என்றார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

குனிந்து என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தபோது குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. பிரஷர் பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை. மறுபடி பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயை என் கையில் கொடுத்து, சிறுநீர் பிடித்துவரச் சொன்னார்.

"ஸ்ட்ரிப் இல்லையே" என்றேன்.

"நான் படிச்ச காலத்தில ஸ்ட்ரிப் ஏது? அடுப்பு எரியுதே?"

அடுப்பில் மாமி புட்டு அவித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி புட்டுப்பானையை இறக்கிவைத்துவிட்டு, குழாயை இடுக்கியால் பிடித்து நெருப்பில் சாய்த்துக் காட்டினார். மாமிக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஐயோ மிஸ்ஸி, சமைக்கிற அடுப்பெல்லே!" என்றார். குழாயின் மேல்பகுதி கொதித்தது. மெல்ல மெல்ல வெளுத்தது. மிஸ்ஸி இரண்டு சொட்டு வினிகர் விட்டார். வெள்ளை போகவில்லை. திரிந்த பால் மாதிரி கட்டிக்கொண்டு நின்றது. சிறுநீரில் புரதம் போனால் அப்படித்தான் நிற்குமாம்.

"தலையிடி எத்தினை நாளா?" என்றார்.

நான் மாமியைப் பார்த்தேன்.

"அவவைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. எத்தினை நாளா?"

"ஒரு வாரம்."

"கண்?"

"புள்ளி தெரியுது."

"அக்காவுக்கு வந்தது காய்ச்சலே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆறு வருடம் கழித்து அந்த அடுப்படியில்தான் சொன்னேன். காய்ச்சல் இல்லை. வலிப்பு. ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த அன்று சாயங்காலம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவளும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. முந்தின நாள் மத்தியானம் வளையல்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது திலகா என்னிடம் சொன்னாள்: "தலை பொளக்குதுடி. கண்ணு வேற மங்குது. அம்மாகிட்டச் சொல்லிராத, வெசேசத்த நிறுத்திரும். பாவம், எவ்ளோ ஆசையா செஞ்சிருக்கு." நான் சொல்லவில்லை. தைலம் தேய்த்துவிட்டேன்.

அரசாங்க நர்ஸ் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஊரில் எல்லாம் இருந்தது. நாங்கள் போகவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் ஆய்வேட்டுக்கு அட்டவணை தட்டச்சு செய்தேன். எட்டாவது வரி, பிரசவத்தில் தாய் இறப்பு, லட்சத்துக்கு இத்தனை. இந்தியாவுக்கு நேரே அந்த எண்ணை அடித்தேன். இந்தியா தோற்றது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பழியை நாட்டின் மேல் போட்டுவிட்டால் என் மேல் வராது பாருங்கள்.

மிஸ்ஸி அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. நான் அழுதுகொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸுக்கு அழைத்தார். அது வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு தூரத்தில் நின்றது. வந்து சேர ஒரு மணி நேரம்.

"அவ்வளவு நேரம் வைச்சிருக்கேலாது. எந்த நேரமும் வலிப்பு வரலாம்" என்று மாமியிடம் நேராகச் சொன்னார். "ஓட்டோ யாரிட்ட இருக்கு?"

எதிர்வீட்டுச் சிங்கராசா அண்ணையிடம் இருக்கிறது. ஆனால் டாங்க் காய்ந்து இரண்டு வாரம். அவர் ஓட்டோவின் மேல் கோழி அடைகாக்கிறது.

அப்போது மாமி செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பக்கத்து வீட்டு தர்மகுலம் ஐயாவோடு அவருக்கு வேலிச் சண்டை. பூவரச மரம் யாருடையது என்று ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மாமி அந்த வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனார். "தர்மகுலம்! உன்ர பம்புக்கு வைச்சிருக்கிற பெற்றோலைத் தா! பிள்ளை சாகப்போகுது!"

இங்கே கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் கிளப்புவதற்கு ஒரு மடக்குப் பெட்ரோல் வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் போத்தல் ஒளித்து வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் பயிர் காய்ந்துவிடும். ஐயா தன் போத்தலோடு ஓடிவந்தார். அடுத்த வீட்டிலிருந்து அரைப் போத்தல். அதற்கடுத்த வீட்டில் கால். ஒருவர் மோட்டார் சைக்கிள் டாங்கைக் கவிழ்த்து எடுத்துவந்தார். புனல் கிடைக்கவில்லை. மிஸ்ஸி என் அட்டையைச் சுருட்டிப் புனலாக்கினார்.

"காணுமே?" என்றார் மாமி, போதுமா என்ற அர்த்தத்தில்.

"போகக் காணும்" என்றார் சிங்கராசா அண்ணை. "வாறது பேந்து பாப்பம்."

பின் இருக்கையில் என்னை இடதுபக்கமாகச் சாய்த்து, மிஸ்ஸி என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு துணியைச் சுருட்டி என் வாயருகே பிடித்திருந்தார். எதற்கு என்று தெரிந்தது. வழியெல்லாம் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். உங்கள் ஊர் என்ன, ஆறு உண்டா, அம்மா பெயர் என்ன. பதில் குழறினால் "வடிவாச் சொல்லுங்கோ" என்று அதட்டினார். வெளியே பெட்ரோல் வரிசையில் நின்ற வாகனங்கள் கிலோமீட்டர் கணக்கில் போய்க்கொண்டே இருந்தன.

இங்கே வந்ததும் ஊசி. உடம்பெல்லாம் நெருப்பு ஊற்றின மாதிரி ஒரு சூடு. குழந்தையின் நுரையீரலுக்காக இன்னும் இரண்டு ஊசி. பிரஷரை இறக்கி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாள் தள்ள முடியுமோ தள்ளிப் பார்ப்பார்களாம்.

அம்மாவிடம் விமானம் ரத்து என்று மட்டும் நிரோ சொல்லியிருக்கிறான். பந்தலைப் பிரிக்கச் சொன்னாளாம்.

ஜூலை 3, ஞாயிறு.

காலை பத்து நாற்பதுக்கு, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். அழுதாள் என்று சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 5, செவ்வாய்.

ஒரு கிலோ முந்நூற்றுப் பத்து கிராம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிரோவின் உள்ளங்கை அளவுக்கு முதுகு. தானாக மூச்சு விடுகிறாள், சில சமயம் மறந்துவிடுகிறாள். மறந்தால் நர்ஸ் பாதத்தில் சுண்டுகிறார், மறுபடி விடுகிறாள். முதல் வாரம் தாண்ட வேண்டும் என்றார் டாக்டர். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறுகிறதா இறங்குகிறதா என்று.

நிரோ இரண்டு நாடு, ஒப்பீடு, எதுவும் பேசவில்லை. மாற்றுச் சட்டை இல்லாமல் நான்கு நாளாக ஒரே சட்டையில் வராந்தாவில் கிடக்கிறான்.

"நோட்ட படிச்சியா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"கோவமா?"

"நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றான். பிறகு என் காலைத் தொட்டு, வீக்கம் குறைந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மிஸ்ஸியிடம் கற்றுக்கொண்டானாம்.

ஜூலை 9, சனி.

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டதாக வார்டெல்லாம் ஒரே பேச்சு. ஆளாளுக்குப் போனைச் சுற்றி நிற்கிறார்கள். நான் பால் பிழிந்துகொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சிரிஞ்சில் எட்டு மில்லி. அவள் அதை முழுதும் குடித்துவிட்டாளாம். இன்று ஒரு தடவைகூட மூச்சு விட மறக்கவில்லையாம்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன். குழந்தை பிறந்த செய்தி நிரோ சொல்லித் தெரியும். மற்றதை நான் சொன்னேன். தலைவலியை மறைத்தது, லாப் பொய், எல்லாம். பிறகு திலகாவைச் சொன்னேன். அவள் என்னிடம் சொன்னதையும், நான் அம்மாவிடம் சொல்லாததையும்.

அம்மா பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப சொன்னா உங்கிட்ட?" என்றாள்.

"சனிக்கெழம மத்தியானம். வளையல் அடுக்குறப்ப."

"எங்கிட்ட வெள்ளிக்கெழமையே சொன்னா."

எனக்குப் புரியவில்லை.

"எங்கிட்டயும் சொன்னாடி. நாந்தான், நூறு பேர அழச்சாச்சு, ஞாயித்துக்கெழம முடியட்டும், திங்கக்கெழம மொத வேலையா நர்ஸம்மாகிட்டப் போவோம்னேன். உன் தங்கச்சி மங்கைகிட்டச் சொல்லாத, சின்னப்புள்ள பயந்துக்கும்னேன். உங்கப்பாகிட்டக்கூட இன்னக்கி வரைக்கும் சொல்லல."

ஆறு வருடம். என் கல்யாணம் வரைக்கும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், நானும் அவளும். அந்தப் பக்கம் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நான்.

ரொம்ப நேரம் கழித்து அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"இப்பத் தலை வலிக்குதா உனக்கு?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம். காலைல இருந்து."

"போ. எந்திரிச்சுப் போயி நர்ஸம்மாகிட்டச் சொல்லு. போன வைக்காத, எங் காதுல விழணும்."

தையல் இழுக்க இழுக்க, போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நர்ஸின் மேசை வரைக்கும் நடந்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"மிஸ்ஸி, எனக்குத் தலை வலிக்குது."